"முழுக் கடவுள், முழு மனிதர்": தரம் 10 பிள்ளைகளுக்கு 40 நிமிடத்தில் எப்படி விளங்கப்படுத்துவது?

உட்துறைமுகம் (கேள்வி)

திருகோணமலையில் விடுமுறைக் கால வேதாகம வகுப்பு. தரம் 10, 11 பிள்ளைகள், கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் கலந்து வருவார்கள். இயேசு முழுமையாகக் கடவுளும் முழுமையாக மனிதரும் என்ற பாடத்துக்கு ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது. பிள்ளைகள் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த கேள்விகள்:

பாதி கடவுள், பாதி மனிதரா? கடவுள் என்றால் மாற்கு 13:32இல் கடைசி நாள் மகனுக்கும் தெரியாது என்று ஏன் வருகிறது? சைவ நண்பர்கள் "இது அவதாரம்தானே" என்கிறார்கள், சரியா? கிண்ணியா முஸ்லிம் நண்பர்கள் "சாப்பிட்டவர், தூங்கினவர் எப்படிக் கடவுள்?" என்கிறார்கள், என்ன பதில்? சிலுவையில் செத்தது கடவுளா, மனிதரா?

நல்ல உவமை ஒன்று, பாட ஒழுங்கு ஒன்று, எங்கே வழுக்கும் என்ற எச்சரிக்கை, இவ்வளவும் தேவை. "அது மறைபொருள், ஆராயக்கூடாது" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதைச் சொன்னால் அடுத்த ஞாயிறு வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

பழைய ஏடு

உவமையைத் தேடாதீர்கள். திரித்துவத்துக்கு அடுத்தபடியாக உவமை அதிகம் கெடுத்தது இந்தப் பாடத்தைத்தான். பாலும் தண்ணீரும் என்று சொன்னால் இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று ஆகிவிடும், அது கடவுளும் அல்ல, மனிதரும் அல்ல. ராசா ஆண்டி வேடத்தில் ஊருக்குள் வந்தார் என்றால் பசியும் கண்ணீரும் சாவும் நடிப்பு என்றாகும். அர்த்தநாரீசுவரர் படத்தைப் பார்த்து வளர்கிற ஊரில் "வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று" என்ற எண்ணம் பிள்ளைகளுக்குத் தானாகவே வரும். இவை எதுவும் புதிதல்ல. ஐந்தாம் நூற்றாண்டு முடிவதற்குள் இவை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் சொல்லிப் பார்த்து, திருச்சபை மறுத்தாயிற்று.

உவமைக்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கையில் கொடுங்கள். நற்செய்தியின் எந்த வசனத்தை எடுத்தாலும் முதலில் "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்க வேண்டும். பிறகு "எந்த இயல்பினால் செய்தார்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை எப்போதும் ஒன்றுதான்: தந்தையின் மகன். இரண்டாவதற்கு விடை இரண்டு: இறை இயல்பு, மனித இயல்பு. கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தவர் யார்? மகன். எந்த இயல்பினால் களைத்தார்? மனித இயல்பினால். பாவங்களை மன்னித்தவர் யார்? அதே மகன். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பினால்தான் எல்லாப் பிழையும் வருகிறது. பிள்ளைகளின் ஐந்து கேள்விகளிலும் அந்தக் குழப்பம்தான் இருக்கிறது.

இதன் சரித்திரத்தை, ஆயர்கள் கூடித் தீர்ப்புச் சொன்ன நான்கு சங்கங்களின் ஆண்டுகளில் அடக்கலாம். 325 நிசேயா: மகன் படைப்புகளில் முதன்மையானவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று ஆரியுஸ் சொன்னார். சங்கம் அதை மறுத்து, தந்தையோடு ஒரே பொருளானவர் என்றது. (2025இல் இதற்கு 1700 ஆண்டு நிறைந்தது, பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல இலக்கம்.) 381 கொன்ஸ்தாந்திநோப்பிள்: இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தை இருந்தது என்ற அப்பொலினாரிசின் போதனை தள்ளப்பட்டது. 431 எபேசு: மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லலாமா என்ற வழக்கு. சொல்லலாம், ஏனென்றால் அவர் பெற்றது ஓர் இயல்பை அல்ல, ஒருவரை. அந்த ஒருவர் கடவுள். 451 கல்செதோன்: ஒரே ஆள், இரண்டு இயல்புகள், அவை கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருக்கின்றன.

கடைசி நான்கு சொற்களையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டும் இயல்புகளை ஒன்றாக உருக்குகிறவர்களுக்கு எதிரானவை, மற்ற இரண்டும் ஆளை இரண்டாகப் பிளக்கிறவர்களுக்கு எதிரானவை. இரண்டு இயல்புகளும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று கல்செதோன் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு பக்கமும் வேலி போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. பிள்ளைகள் "எப்படி?" என்று கேட்டால் அதற்குச் சங்கமும் விடை சொல்லவில்லை என்று நேராகச் சொல்லலாம். ஆனால் எது பிழை என்பது தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு சண்டை எதற்கு என்று ஒருவராவது கேட்பார். மீட்புக்காக. மகன் வெறும் படைப்பு என்றால், ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியாது. அவருக்கு மனித அறிவு இல்லை என்றால், நாம் பாவத்தைத் தீர்மானிக்கிற அந்த அறிவு குணமாகாமலே கிடக்கும். நசியான்சு கிரகோரியார் ஒரு கடிதத்தில் இதை ஒரே வரியில் சொன்னார்: எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ, அது குணமாக்கப்படவில்லை.

இன்னொன்று. கல்செதோனை ஏற்காத கொப்திய, சிரிய, ஆர்மேனிய திருச்சபைகளைப் பதிதர் (பிழையான போதனையாளர்) என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். மனித இயல்பு இறை இயல்புக்குள் கரைந்துவிட்டது என்ற யூத்திகேசை அவர்களும் மறுக்கிறவர்கள்தான். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கொப்தியத் திருச்சபையின் மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர் என்று ஒரே அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். 1994இல் அசீரியத் திருச்சபையோடும் அப்படி ஒரு அறிக்கை வந்தது.

டைக் வீதி வாசகர்

மேலே சொன்ன இரண்டு கேள்விகளோடு நானும் உடன்படுகிறேன். ஆனால் சங்கங்களில் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேதத்தில் தொடங்குங்கள், ஆண்டுகள் பிறகு வரட்டும்.

மாற்கு 4:35–41, ஏழே வசனங்கள். 38ஆம் வசனத்தில் வள்ளத்தின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். 39இல் எழுந்து காற்றை அதட்டுகிறார், கடலை அடங்கச் சொல்கிறார். 41இல் சீடர்கள் பயந்து "இவர் யாரோ?" என்கிறார்கள். அவர்கள் பழைய ஏற்பாடு தெரிந்தவர்கள். சங்கீதம் 107:29இல் புயலை அமர்த்துகிறவர் ஆண்டவர் ஒருவரே. வாடைக் காலத்தில் கடல் எழும்புவதைப் பார்த்த பிள்ளைகளுக்குக் காட்சியை விவரிக்கவே தேவையில்லை. முழுக் களைப்பும் முழு அதிகாரமும் ஒரே வள்ளத்தில், ஒரே ஆளிடம்.

அடுத்தது பலகை வேலை. இரண்டு நிரல் போடுங்கள். தலைப்பில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். இடப்பக்கம் "மனித இயேசு", வலப்பக்கம் "தெய்வ இயேசு" என்று எழுதினால் அந்த நிமிடமே இரண்டு ஆட்களைக் கற்பித்துவிட்டீர்கள். மேலே நடுவில் "இயேசு" என்று ஒரே தடவை எழுதி, அதற்குக் கீழே "மனிதராக", "கடவுளாக" என்று பிரியுங்கள். கடதாசித் துண்டில் ஆளுக்கு ஒரு வசனம் கொடுத்து உரிய நிரலில் ஒட்டச் சொல்லலாம். யோவான் 4:6 களைப்பு, லூக்கா 2:52 ஞானத்தில் வளர்ச்சி, யோவான் 11:35 கண்ணீர், மாற்கு 2:5–7 பாவமன்னிப்பு, யோவான் 11:43 லாசருவை எழுப்பியது, யோவான் 20:28 தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்றது.

கடைசித் துண்டாக மாற்கு 5:41ஐக் கொடுங்கள். யவீருவின் மகளின் கையைப் பிடித்து "தலீத்தாகூமி" என்று சொல்லி எழுப்புகிறார். எந்த நிரலில் ஒட்டுவது? பிடித்தது மனிதக் கை, சொன்னது மனித நாக்கு, உயிர் வந்தது இறை வல்லமையால். செய்தி ஒன்று. பிள்ளைகள் அதை நடுக்கோட்டின் மேல் ஒட்டுவார்கள். அதுதான் சரி. நிரல் என்பது நமது வசதிக்கு, இயேசுவுக்குள் சுவர் கிடையாது என்பதை அந்த இடத்தில் சொல்லுங்கள்.

நேரம்: வாசிப்பு 5 நிமிடம், நிரல் வேலை 12, மாற்கு 5:41 கலந்துரையாடல் 5, நான்கு ஆண்டுகள் 5, பிள்ளைகளின் கேள்விகள் 8, சரி பிழை வினா 5.

கலப்பு வகுப்பு என்பதால் ஒரு சிக்கல் வரும். மெதடிஸ்த பிள்ளைகள் பழைய பரிசுத்த வேதாகமத்தைக் கொண்டுவருவார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் திருவிவிலியத்தை. மத்தேயு 24:36ஐ வாசிக்கச் சொன்னால் பழைய மொழிபெயர்ப்பில் தூதர்களும் அறியார்கள் என்பதோடு நின்றுவிடும். திருவிவிலியத்தில் "மகனுக்கோ" என்பதும் இருக்கும். கையெழுத்துப் பிரதிகளில் உள்ள வேறுபாடு அது. ஒரு பிள்ளை "உங்கட பைபிளில் சேர்த்திருக்கு" என்று தொடங்கினால் மிச்ச நேரமெல்லாம் அதில் போய்விடும். எனவே மாற்கு 13:32ஐ மட்டும் எடுங்கள், அது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. இதே காரணத்தால் 1 தீமோத்தேயு 3:16ஐ ஆதாரமாக முன்வைக்காதீர்கள். பழையதில் "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்று இருக்கும், புதியதில் "தேவன்" என்ற சொல் அந்த இடத்தில் இருக்காது. யோவான் 1:14, 20:28, கொலோசெயர் 2:9 போதும்.

மாற்கு 13:32க்குப் பதில். ஒருவருக்குத் தெரியாது என்றால் எந்த அறிவினால் தெரியாது? லூக்கா 2:52இல் வளர்ந்த அதே மனித அறிவினால். வளர்கிற அறிவு என்றால் இன்னும் எட்டாதது அதில் இருக்கத்தான் செய்யும். "தெரியும், ஆனால் தெரியாத மாதிரிச் சொன்னார்" என்று சமாளிக்கப் போகாதீர்கள். கேட்கிற பிள்ளை உடனே "அப்ப பொய்யோ?" என்று கேட்கும், அந்தக் கேள்வி நியாயமானது. பிலிப்பியர் 2:7இன் "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்பதை எடுத்து, கடவுள்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார் என்று சொல்வதும் அதேயளவு ஆபத்து. அதே வசனம் வெறுமையாக்கியது எப்படி என்றும் சொல்கிறது: அடிமையின் ரூபம் எடுத்து. எடுத்ததைத்தான் சொல்கிறது, விட்டதை அல்ல.

கோணமலையான்

அவதாரக் கேள்விக்கு ஒரு திருத்தம். இந்த ஊரில் அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் சைவர்கள், வைணவர்கள் அல்லர். சைவ சித்தாந்தத்தில் சிவன் பிறப்பிலி. குருவாக வந்து ஆட்கொள்வார், கருவில் பிறக்கமாட்டார். ஆகவே கோணேசர் கோயிலுக்குப் போகிற நண்பனுக்கு "அவதாரம் வேறு, மனுவுருவாதல் (கடவுள் மனிதராதல்) வேறு" என்று நீட்டி முழக்குவது அவ்வளவு பயன்படாது. அவனுக்கு உள்ள உண்மையான தடை, கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார் என்பதுதான். அதைப் பூசி மெழுகாமல் "ஆம், அதைத்தான் நாங்கள் சொல்கிறோம். இறை இயல்புக்கு அங்கே தொடக்கம் வரவில்லை, மகன் மனித இயல்பை அங்கே எடுத்தார்" என்று சொல்ல வேண்டும்.

வைணவ நண்பர் என்றால் பேச்சு வேறு. "உங்கள் அவதாரங்கள் வெறும் வேடம், எங்களுடையதுதான் உண்மை" என்று நம் பக்கத்தில் பலர் சொல்வார்கள். அது பிழை. அவதாரத் திருமேனி மெய்யானது என்றே ஸ்ரீவைணவம் சொல்கிறது. ஆனால் அது நம் உடல்போன்ற பிரகிருதிப் பொருளால் (உலகப் பொருளால்) ஆனதல்ல, சுத்த சத்துவம் என்ற தூய தெய்வீகப் பொருளால் ஆனது என்கிறது. சரியான வேறுபாடு அந்த இடத்தில்தான் இருக்கிறது. கல்செதோன் இயேசுவை மனித இயல்பில் "நம்மோடு ஒரே பொருளானவர்" என்கிறது. அதே தசை, அதே எலும்பு, அதே பயம், பாவம் மட்டும் இல்லை (எபிரேயர் 4:15). இரண்டாவது வேறுபாடு: கீதை 4:8இல் யுகந்தோறும், எபிரேயர் 9:26–28இல் ஒரே தரம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இயேசு மனித இயல்பைத் திருப்பிக் கழற்றவில்லை. உயிர்த்த பிறகும் சீடர் முன் பொரித்த மீன் துண்டைச் சாப்பிட்டுக் காட்டுகிறார் (லூக்கா 24:42–43). இப்போதும் மனிதராகவே இருக்கிறார் என்பது கிறிஸ்தவ விசுவாசம்.

சொல்லையே தொடக்கூடாது என்றும் இல்லை. சென்னையைச் சேர்ந்த வெங்கல் சக்கரை 1920களில் "அவதாரம்" என்ற சொல்லைத் துணிந்து எடுத்தார், ஆனால் தற்காலிகம் அல்லாத, நிலையான அவதாரம் என்ற நிபந்தனையோடு. பெரியவர்களுக்கு அது நல்ல தொடக்கம். 40 நிமிட வகுப்பில் அதற்கு இடமில்லை.

கிண்ணியா, மூதூர் நண்பர்களின் கேள்விக்கு வேர் குர்ஆன் 5:75. மஸீஹும் (இயேசுவும்) அவருடைய தாயும் உணவு உண்டார்கள் என்று அந்த வசனம் சொல்கிறது. இதற்கு மறுப்பே தேவையில்லை. உண்டார், ஆம். இறை இயல்பு உண்டது என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்வதில்லை, கடவுள் மனிதனாக "மாறிவிட்டார்" என்றும் சொல்வதில்லை. பால் தயிராவதுபோல மாறினால் பால் போய்விடும். மகன் இருந்தவாறே இருந்து, இல்லாததை எடுத்துக்கொண்டார். "மாறினார்" என்ற சொல்லைப் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்தாலே பாதி வாக்குவாதம் குறையும்.

இங்கே செய்யக்கூடாதது ஒன்று: தகப்பன் இல்லாமல் கன்னியிடம் பிறந்ததால் கடவுள் என்று வாதிடுவது. கன்னிப் பிறப்பை முஸ்லிம்களும் ஏற்கிறார்கள். 3:59இல் ஈஸாவுக்கு (இயேசுவுக்கு) உதாரணம் ஆதம் என்று வருகிறது. ஆதமுக்குத் தாயும் இல்லை. அந்த வாதம் ஒரே வரியில் விழுந்துவிடும். கிறிஸ்தவ நம்பிக்கை பிறந்த விதத்தில் அல்ல, பிறந்தவர் யார் என்பதில் நிற்கிறது. சிலுவை மரணத்தைப் பொறுத்தவரை 4:157 அதையே மறுக்கிறது. அங்கே உடன்பாடு வராது. அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் நட்பு கெடாது.

உட்துறைமுகம்

மிக்க நன்றி. நிரல் தலைப்பு விடயம் நல்ல வேளை இப்போதே தெரிந்தது. இரண்டு சந்தேகம் மிச்சம். சாவுக்கு முந்தின இரவு கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு தந்தையிடம் "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படி" என்கிறார். விருப்பம் இரண்டு என்றால் ஆளும் இரண்டு ஆகாதா? மற்றது, கடவுள்தான் செத்தார் என்றால் அந்த மூன்று நாளும் உலகத்தை யார் நடத்தினது என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்.

மணியோசை

இதுக்கிடையில் ஒன்று. உவமை வேண்டாம் என்கிறீர்கள். திருப்பலியில் காணிக்கையின்போது குருவானவர் திராட்சை இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாரே? கிறிஸ்து நம் மனித இயல்பில் பங்குகொண்டதைச் சொல்லித்தானே மெதுவாகச் செபிக்கிறார்? பிள்ளைகள் வாராவாரம் பார்ப்பது அது. அதை எடுக்கலாமே.

பழைய ஏடு

எடுக்கலாம், ஆனால் எதற்கு என்பதில் கவனம். அந்தச் செபம், அவர் நம் மனித இயல்பில் பங்குகொண்டதால் நாம் அவருடைய இறை இயல்பில் பங்குபெற வேண்டும் என்று கேட்கிறது. அதாவது சொட்டுத் தண்ணீர் நாம். கிறிஸ்துவுக்குள் இரண்டு இயல்புகளும் எப்படி இருக்கின்றன என்பதற்கு அதைக் காட்டினால், தண்ணீர் இரசத்தில் கரைந்து காணாமல் போகிறதே, மனித இயல்பும் கரைந்துவிட்டது என்றாகும். கலவாமல், மாறாமல் என்பதற்கு நேரெதிர். ஆர்மேனியர்கள் தண்ணீரே கலக்காமல் இரசம் மட்டும் வைப்பார்கள். 692இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய ஒரு சங்கம் அதைக் கண்டித்ததும் உண்டு. ஒரு சொட்டுக்குள் எவ்வளவு வழக்கு!

திருப்பலியிலிருந்து ஒன்று வேண்டுமென்றால் விசுவாச அறிக்கையை எடுங்கள். "கன்னி மரியாளிடமிருந்து உடலெடுத்து மனிதர் ஆனார்" என்ற இடத்தில் தலை வணங்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு அன்றும் மார்ச் 25 அன்றும் முழந்தாளிட வேண்டும். இதுதான் பாடத்தின் மையம் என்று வழிபாடே காட்டுகிறது. பல கோயில்களில் அந்த வரியை ஓடி முடித்துவிடுகிறோம்.

விருப்பம் பற்றி. அது ஆளோடு சேர்ந்ததா, இயல்போடு சேர்ந்ததா என்பதுதான் ஏழாம் நூற்றாண்டுச் சண்டை. 638இல் பேரரசர் எராக்கிலியுஸ் ஒரே விருப்பம்தான் என்று ஆணை வெளியிட்டார். பிரிந்து நின்ற திருச்சபைகளைச் சேர்க்க அவருக்கு அது தேவைப்பட்டது. மாக்சிமுஸ் என்ற துறவி மறுத்தார். நாவும் வலக்கையும் வெட்டப்பட்டு நாடுகடத்தப்பட்டு 662இல் இறந்தார். 681இல் முடிந்த சங்கம் அவர் சொன்னதையே ஏற்றது: இரண்டு இயல்பு என்றால் இரண்டு விருப்பம், மனித விருப்பம் இறை விருப்பத்துக்கு எதிராக அல்ல, கீழ்ப்படிந்து நிற்கிறது. மனித விருப்பம் இல்லை என்றால் கெத்செமனேயில் கீழ்ப்படிந்தது யார்? உரோமையர் 5:19 ஒரு மனிதரின் கீழ்ப்படிதலால் என்கிறதே, அது வெறுமையாகிவிடும். சாவுக்கு அஞ்சுவது பாவமல்ல, மனித இயல்பு. ஆகவே உள்ளே இரண்டு பேர் வாதாடினார்கள் என்று விளக்காதீர்கள். ஒரே மகன், தம் மனித விருப்பத்தோடு, தந்தையிடம் பேசுகிறார்.

மூன்று நாள் கேள்வி. இறந்தது யார்? மகன், ஆகவே கடவுள் இறந்தார் என்று சொல்லலாம். 1 கொரிந்தியர் 2:8 மகிமையின் ஆண்டவரையே சிலுவையில் அறைந்தார்கள் என்கிறது, 553இல் கூடிய சங்கமும் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவர் என்றது. எந்த இயல்பினால் இறந்தார்? மனித இயல்பினால். மரணம் என்பது உடலும் ஆன்மாவும் பிரிவது, இல்லாமல் போவதல்ல. கல்லறையில் கிடந்த உடலும் பிரிந்த ஆன்மாவும் அந்த மூன்று நாளும் மகனுடையவையாகவே இருந்தன. இறை இயல்பினால் அவர் உலகத்தைத் தாங்கிக்கொண்டே இருந்தார், மரியாளின் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். அத்தனாசியார் நான்காம் நூற்றாண்டிலேயே எழுதியது இது: வார்த்தையானவர் உடலுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. கொலோசெயர் 1:17ஐ வாசிக்கக் கொடுங்கள்.

டைக் வீதி வாசகர்

கடைசி 5 நிமிடத்துக்கான சரி பிழை வினா. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி: சரி பிழைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று. காரணம் எழுதாவிட்டால் எண்ணிப் பார்க்காமல் அடித்துவிடுவார்கள்.

"கடவுள் மரியாளிடம் பிறந்தார்." சரி.
"இயேசுவின் கடவுள்தன்மை மரியாளிடம் தொடங்கியது." பிழை.
"கடவுள் சிலுவையில் இரத்தம் சிந்தினார்." சரி.
"கடவுள்தன்மை சிலுவையில் வேதனைப்பட்டது." பிழை.
"மனித இயேசு செத்தார், தெய்வக் கிறிஸ்து தப்பினார்." பிழை.
"நாசரேத்து இயேசு உலகத்தைப் படைத்தார்." சரி.

முதல் நான்கும் ஒரே விதி: ஆளைக் குறிக்கிற சொல் எழுவாயாக வந்தால் இரண்டு இயல்புக்கு உரியதையும் சொல்லலாம், இயல்பைக் குறிக்கிற சொல் வந்தால் அந்த இயல்புக்கு உரியதை மட்டும் சொல்லலாம். கடைசியைப் பெரும்பாலான பிள்ளைகள் பிழை என்று போடுவார்கள், நாசரேத்தில் வளர்ந்த உடல் அப்போது இல்லையே என்று காரணமும் எழுதுவார்கள். அந்தக் காரணத்துக்கு அரைப் புள்ளி கொடுங்கள், உடலைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மைதான். பிறகு யோவான் 1:3ஐயும் 1:14ஐயும் அடுத்தடுத்து வாசிக்கவைத்து, இரண்டு வசனத்திலும் "யார்?" என்று கேளுங்கள்.